வேடந்தாங்கலில் 200-500 லென்ஸ்: 500 மி.மீ.-இல் படங்கள் தெளிவில்லை

கேள்வி: நண்பரிடம் நிக்கான் 200-500 மி.மீ. ஜூம் லென்ஸை இரவல் வாங்கி, வேடந்தாங்கலில் கையில் பிடித்தே படமெடுத்தேன். 500 மி.மீ.-இல் கூழைக்கடாவின் கண் கலங்கலாகவே விழுகிறது. குறை லென்ஸிலா, என்னிடமா?

மறுமொழி: ஷட்டர் வேகம் எவ்வளவு, ஐயா? 2.3 கிலோ எடையைக் கால்மணி நேரம் தாங்கினாலே கை நடுங்கும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு அந்த நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, பறவையின் அசைவை நிறுத்தாது என்பதால், ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்தியேனும் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள்.

கேட்டவர்: 1/320 வைத்திருந்தேன். ஆனால் அதே வேகத்தில் காலை ஏழு மணிக்கு எடுத்தவற்றில் இறகின் இழைகள்கூடத் தெரிகின்றன. பத்து மணிக்கு மேல் எடுத்தவைதான் கலங்கியுள்ளன.

இன்னொருவர்: அப்படியானால் வெயில் ஏறியபின் எழும் கானலும் ஒரு காரணம். தொலைவிலுள்ள மரங்களை விட்டுவிட்டு, கரைக்கு அருகே வரும் பறவைகளை விடியலிலேயே எடுத்துப் பாருங்கள்.