புதிய எந்திரப் பயிற்சிக்கு ஆள் தேர்வு: ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: பல்லடம் வட்டார நூற்பாலைத் தொழிலாளி

தோழர்களுக்கு வணக்கம். ஒரு நூற்பாலையின் சங்கக் கமிட்டியில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் ஒப்பந்தக் காலம் முடிவதால் கோரிக்கைப் பட்டியல் தயாரித்து வருகிறோம். பஞ்சப்படி, போனஸ், லீவு ஆகியவற்றை எழுதிப் பழக்கம் உண்டு. பயிற்சியைப் பற்றி எழுதத்தான் தடுமாறுகிறோம். சென்ற ஒப்பந்தக் காலத்தில் புதிய ஆட்டோகோனர்கள் (நூலைக் கோன்களில் சுற்றும் தானியங்கி எந்திரங்கள்) வந்தபோது, அவற்றை இயக்கவும் பேனலில் காட்டும் பழுதைப் புரிந்துகொண்டு சரிசெய்யவும் சிலரை மட்டும் கோவைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். யார் போவது என்பதை ஷிப்ட் சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. நிரந்தரத் தொழிலாளர் வராதபோது அவர் இடத்தில் வேலை செய்யும் பதிலித் தொழிலாளர் எவரும் இல்லை. பின்னர் கிரேடு உயர்வு வந்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கே முன்னுரிமை என்று நிர்வாகம் கூறிவிட்டது. "அனைவருக்கும் பாரபட்சமின்றிப் பயிற்சி அளிக்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று கமிட்டியில் பலர் கருதுகிறார்கள். அது போதுமா?

பதில்: பீளமேடு, ஓய்வு பெற்ற சங்க நிர்வாகி

போதாது, தோழர். அந்த வரியை நிர்வாகம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும். அதை மீறியதாக எவராலும் நிரூபிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தேர்வு நடந்த விதம் எழுத்தில் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்ற நிலை வேண்டும். ஆகவே, பயிற்சி தொடங்குவதற்கு இத்தனை நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் இடங்களின் எண்ணிக்கையும் தேவையான தகுதியும் வெளியிடப்படும், விருப்பம் தெரிவித்தவர்களுக்குள் பணிமூப்புப்படி வரிசை அமையும், இடம் கிடைக்காதவர் அடுத்த குழுவில் முதலில் சேர்க்கப்படுவார், மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்துமூலம் தரப்படும் என்று எழுதுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உங்கள் மில்லிலும் இருப்பார்கள். அறிவிப்பும் பாடமும் அவர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும்.

பெண்களை விட்டுவிட்டது தனிச் செய்தி. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டபோது, பணியில் சேர்ந்த பிறகு பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றில் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்போ வேலை நிலைமைகள் என்று பொதுவாகவே பேசுகிறது. சட்டம் சுருக்கிய இடத்தில் ஒப்பந்தம் விரிவாகப் பேச வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றது. அதில் வேலைவாய்ப்பு என்பதற்குள் தொழிற்பயிற்சி பெறும் வாய்ப்பும் அடங்கும். பேச்சுவார்த்தையில் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்களில் சொன்னால், நிர்வாகத்தோடு நேரடியாகப் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தமோ சங்கத்தில் இல்லாதவர்களையும், பின்னால் வேலைக்குச் சேர்பவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது. பயிற்சி விதி எல்லோருக்கும் பொருந்த வேண்டுமானால் சமரச அதிகாரி முன்னிலையில் போவதே நல்லது.

பதில்: பெருந்துறை, பணியாளர் துறை அலுவலர்

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பணிமூப்பை மட்டுமே அளவுகோலாக்குவதை ஏற்க இயலவில்லை. ஓய்வுக்குச் சில மாதங்களே உள்ளவர் வரிசையில் முதலில் இருப்பதால் அவரை அனுப்பிவிட்டு, எந்திரம் வந்த பிறகு மீண்டும் ஆள் தேடும் நிலை வருவதை நான் பார்த்திருக்கிறேன். எளிய செயல்முறைத் தேர்வு ஒன்றை வைத்து, அதில் தேறியவர்களுக்குள் மூப்பைப் பார்ப்பது இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். தேர்வை நடத்துபவர் அதே ஷிப்டின் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் எந்திரத்திலிருந்து ஒருவரை விடுவித்தால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உற்பத்தியைக் காரணம் காட்டிப் பயிற்சி தள்ளிக்கொண்டே போகும். கிரேடு வகைப்பாட்டையே நிர்வாகம் மாற்ற நினைத்தால், 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதிய தொகுப்பிலும் உண்டு. சென்ற முறை அந்த நோட்டீஸ் வந்ததா என்று விசாரியுங்கள்.

பதில்: திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி

நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். எங்கள் கம்பெனியில் கைமடியிலும் செக்கிங்கிலும் இருந்த பெண்களுக்கு ஓவர்லாக், பேட்லாக் தையல் எந்திரங்களை ஓட்டக் கற்றுத்தருவதாக அறிவித்தார்கள். அறிவிப்பில் எந்தப் பாகுபாடும் இல்லை. ஆனால் வகுப்பு ஷிப்ட் முடிந்த பிறகு இருந்தது. கடைசிப் பேருந்தில் ஊத்துக்குளிக்கோ அவிநாசிக்கோ திரும்ப வேண்டியவர்களும், வீட்டில் குழந்தை உள்ளவர்களும் எப்படி இருப்பார்கள்? விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளை விடுதிக் காப்பாளர் அனுப்பவில்லை. பெண்களுக்கு விருப்பமில்லை என்று பிறகு குறிப்பு எழுதிக்கொண்டார்கள். ஆகவே பயிற்சி வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். பீஸ்ரேட்டில் (தைக்கும் எண்ணிக்கைக்கேற்ற கூலியில்) இருப்பவர்களுக்குப் பயிற்சி நாளின் சம்பளம், முந்தைய சில மாதங்களில் அவர்கள் வாங்கிய சராசரியின்படி தரப்பட வேண்டும். குறைந்தபட்சக் கூலி மட்டும் என்றால், நன்றாகத் தைக்கிறவர் நஷ்டப்பட்டுக்கொண்டு கற்றுக்கொள்ள வரமாட்டார்.

பதில்: பீளமேடு, ஓய்வு பெற்ற சங்க நிர்வாகி

சகோதரி சொன்னதை முதல் பிரிவாகவே வையுங்கள். அதனுடன், பயிற்சி நாட்கள் அனைத்தும் பணி நாட்களாகவே கணக்கிடப்படும் என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் உண்டு. பதிலித் தொழிலாளரைப் பயிற்சி என்ற பெயரில் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அடிபடும்.

பெருந்துறை நண்பரின் செயல்முறைத் தேர்வை நானும் ஏற்கிறேன். நம் சங்கங்களின் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல மில்களில் பயிற்சி இடங்களை, இந்தச் சங்கத்துக்கு இத்தனை, அந்தச் சங்கத்துக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். சூப்பர்வைசர் செய்தால் பாரபட்சம், நாம் செய்தால் பிரதிநிதித்துவம் என்று கூறுவது சரியல்ல. எந்தச் சங்கத்திலும் சேராத, நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் பெண் டாபருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி சகோதரி. அந்த ஒற்றை வரியை நீக்கிவிட்டு முன்னறிவிப்பு, செயல்முறைத் தேர்வு, தேறியவர்களுக்குள் மூப்பு வரிசை, வேலை நேரத்துக்குள் வகுப்பு, சராசரிக் கூலி, வருகைக் கணக்கு ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாக எழுதியுள்ளோம். நோட்டீஸ் பற்றி விசாரித்தேன். சென்ற முறை எதுவும் வரவில்லை. சங்க வாரியாகப் பங்கு பிரிப்பதை விடுவதற்கு எங்கள் கமிட்டியில் இருவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் அதை வாக்கெடுப்புக்கு விடப்போகிறோம்.