மடிக்கணினிக்கு எந்த சிபியு (செயலி): இன்டெல் ஐ3-1215யூவா, ஏஎம்டி ரைசன் 5 7520யூவா?

என் பழைய இரட்டைக் கோர் மடிக்கணினியில் வீடியோ அழைப்பின்போது ஒரு எக்செல் கோப்பைத் திறந்தாலே போதும், விசிறி இரையும், எதிர்முனைக் குரல் விட்டுவிட்டு வரும். ரேம் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவியும் பார்த்தாயிற்று. அழைப்பு வந்தால் சிபியு 100 சதவீதம்தான்.

சரி, புதிதே வாங்கலாம் என்றால் பட்ஜெட்டுக்குள் மூன்று சிபியுக்களில் மடிக்கணினிகள் கிடைக்கின்றன. இன்டெல் என்100-இல் 4 சிக்கனக் கோர்கள் (மின்சாரம் மிச்சம், வேகம் குறைவு) மட்டுமே, விட்டுவிட்டேன். 7520யூ பெயரில்தான் 7000 வரிசை, உள்ளே 2019-இல் வந்த ஸென் 2 என்ற பழைய வடிவமைப்புக் கோர்கள் (பெயர் வைத்தவரைக் கும்பிட வேண்டும்!). ரேமும் போர்டோடு பற்றவைத்தது, நான் பார்த்த மாடலில் 8 ஜிபியோடு சரி. 1215யூவில் 2 வேகக் கோர், 4 சிக்கனக் கோர். நான் பார்த்த மாடலில் ரேம் ஸ்லாட்டும் உண்டு. ஆனால் தினமும் பையில் தூக்கிப் போகிறவனுக்கு பேட்டரிதான் கவலை.

இரண்டையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: வீடியோ அழைப்புகளுக்கு எது சார்ஜர் இல்லாமல் அதிக நேரம் தாங்குகிறது?