காயில்ஓவரை இறுக்கினால் கார் சாய்வது குறையுமா?

வளைவுப்பிரியன் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு டொயோட்டா 86. வார நாள்களில் கோலாலம்பூரில் அலுவலகத்துக்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது செப்பாங் பந்தயத் தடத்துக்கும் அதே காரைத்தான் எடுத்துச் செல்கிறேன். நான்கு பக்கமும் 6 கிலோ ஸ்பிரிங் கொண்ட காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாக அமைந்த, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) பொருத்தி, காரை 45 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். உயரத்தை, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகித்தான் மாற்ற முடியும். டேம்பரின் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எதிர்ப்பை மாற்றும் குமிழில் உள்ள 30 கிளிக்குகளில் இப்போது நடுவில் வைத்திருக்கிறேன்.

செப்பாங்கின் 5, 6ஆம் வளைவுகளில் இடமிருந்து வலமாகத் திருப்பும்போது கார் நன்றாகச் சாய்ந்து, சற்றுத் தாமதித்தே நிலைகொள்கிறது. 14ஆம் வளைவில் பிரேக்கை மிதித்தபடியே திருப்பும்போது முன்சக்கரங்கள் திடீரெனப் பிடியை இழந்து கார் வெளிப்பக்கமாக ஓடுகிறது. ஸ்பிரிங் வளையத்தை 10 மி.மீ. ஏற்றி இறுக்கி, டேம்பரையும் கடைசிக் கிளிக் வரை திருகிவிட்டால் கார் கடினமாகிச் சரியாகிவிடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, அல்லது 8 கிலோ ஸ்பிரிங்தான் வாங்க வேண்டுமா?

திருகுமறை எழுதுகிறார்:

வளையத்தை ஏற்றுவதால் ஸ்பிரிங் கடினமாகாது. பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் இந்த நம்பிக்கையைச் சிறு கணக்கே தீர்த்துவிடும். உங்கள் காரின் ஒரு முன்பக்க ஸ்பிரிங்கின் மேல், ஓட்டுநரையும் சேர்த்து, ஏறத்தாழ 300 கிலோ உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ வேண்டும். ஆகவே 300 கிலோவைத் தாங்க அது 50 மி.மீ. அமுங்கியாக வேண்டும். நீங்கள் முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி வைத்தால் முதல் 60 கிலோ வரை ஸ்பிரிங் அசையாது. மீதி 240 கிலோவுக்கு 40 மி.மீ. அமுங்கும். கூட்டிப் பார்த்தால் அதே 50 மி.மீ. தான். கார் 10 மி.மீ. உயரும், சக்கரம் கீழே இறங்குவதற்கான தூரம் அதே அளவு குறையும், ஆனால் அதற்கு மேல் அமுங்கும் ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 6 கிலோதான் தேவைப்படும்.

டேம்பர் விஷயம் வேறு. நீண்ட வளைவில் கார் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் (இட, வலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் முறுக்குக் கம்பி) காரின் வடிவமைப்பும் தீர்மானிக்கின்றன. அந்தச் சாய்வை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை மட்டுமே டேம்பர் தீர்மானிக்கிறது. 5, 6ஆம் வளைவுகளில் நீங்கள் உணரும் தாமதத்துக்கு இது உண்மையிலேயே மருந்து. ஆனால் கடைசிக் கிளிக் வரை போகாதீர்கள். ஒரே குமிழ் உள்ள டேம்பர்கள் பலவற்றில் அந்தக் குமிழ் பெரும்பாலும் விரியும் பக்கத்தின் எதிர்ப்பைத்தான் கூட்டுகிறது. அது அளவுக்கு மீறினால், ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் முழுவதும் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்த மேடுகளில் கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் டயர் தரையைத் தொட்டுத் தொட்டுத் துள்ளும். குமிழை முழுவதும் மூடி அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கிளிக், அதுவும் முன்னோ பின்னோ ஒன்றை மட்டும், இடமும் வலமும் சமமாக.

நான்காம்_கியர் எழுதுகிறார்:

திருகுமறை சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் 45 மி.மீ. தாழ்வைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தக் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது மேலே டேம்பரும் கீழே ஒரு கையும் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அதை அளவுக்கு மேல் தாழ்த்தினால் அந்தக் கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கி நின்றுவிடும். அப்போது ரோல் சென்டர் (கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), காரின் ஈர்ப்பு மையம் இறங்கியதைவிடக் கூடுதலாக இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல் என்பதால், தாழ்த்திய கார் அதே ஸ்பிரிங்கில் முன்னைவிட அதிகமாகவே சாயக்கூடும். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

8 கிலோ ஸ்பிரிங்கை முன்னால் மட்டும் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. அங்கே ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி அமர்ந்திருப்பதால், சக்கரம் நகரும் தூரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் ஸ்பிரிங் நகர்கிறது. அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்பதால், பின்பக்க 6 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 3.4 கிலோ அளவுக்கே வேலை செய்கிறது. முன்னால் மட்டும் கூட்டினால் 14ஆம் வளைவில் முன்பிடி இன்னும் குறையும்.

வளைவுப்பிரியன்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 14ஆம் வளைவில் பிடி படிப்படியாகக் குறையாமல் ஒரே நொடியில் விட்டுப்போவது ஏன்? பிரேக்கை விட்டுவிட்டுத் திருப்பினால் அப்படி நிகழ்வதில்லை.

திருகுமறை:

திடீரென என்று நீங்கள் சொல்வதே குறிப்பு. பம்ப் ஸ்டாப்பில் (டேம்பர் முழுவதும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடிக்கிறது என்று சந்தேகிக்கிறேன். பிரேக்கால் முன்பக்கம் அமுங்கி, அதன் மேல் சாய்வும் சேரும்போது வெளிப்பக்க டேம்பரின் நீளம் தீர்ந்துபோகிறது. அந்தக் கணத்தில் 6 கிலோ ஸ்பிரிங்கின் இடத்தில் கட்டை ஒன்று நிற்பதைப் போலாகி, முன்டயரின் மேல் பாரம் ஒரேயடியாக ஏறுகிறது.

உறுதிசெய்வது எளிது. டேம்பரின் பளபளப்பான தண்டில், உடலோடு ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை மாட்டிவிட்டுத் தடத்தில் ஓட்டி வாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரத்துக்கு அது மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். பம்ப் ஸ்டாப்பின் அடிவரை போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அப்போது வளையத்தை ஏற்றச் சொன்ன பட்டறையின் யோசனை பலன் தரும். அவர்கள் சொன்ன காரணத்தால் அன்று. கார் 10 மி.மீ. உயர்ந்து, அமுங்குவதற்கு அதே அளவு இடம் கிடைப்பதால். பின்பக்கத்தையும் அதற்கேற்ப ஏற்றுங்கள். திருகுவதற்கு முன்பு, வளையம் ஓடும் மறையிலுள்ள (திருகுப்புரி) மண்ணைத் தூரிகையால் துடைத்துவிட்டால் வளையம் கடிக்காது.

நான்காம்_கியர்:

உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் எதிர்மறை) மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான சுமையை வைத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் காயில்ஓவரின் மேல்தட்டில் கேம்பர் துளை இருந்தால் முன்பக்கம் எதிர்மறை 2.5 பாகை அளவில் தொடங்கலாம். டயரின் உள்விளிம்பு சற்று வேகமாகத் தேயும்.

இதற்குப் பிறகும் சாய்வு மிகுதி என்று தோன்றினால், ஸ்பிரிங்குக்கு முன் ஆன்டி-ரோல் பாரைப் பாருங்கள். திண்மையான பாரின் முறுக்கு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 18 மி.மீ. பாரை 20 ஆக்கினாலே 52 விழுக்காடு கூடிவிடும். முன்னால் மட்டும் மாற்றினால் முன்பிடி குறையும் அபாயம் இதிலும் உண்டு. ஆகவே கேபிள் டை என்ன காட்டுகிறது என்று பார்க்கும்வரை எதையும் வாங்க வேண்டாம்.