இக்கத்: வெள்ளை சிவப்பாவதும் வைரம் இரட்டையாவதும்

நூல்கண்டு:
போச்சம்பள்ளியில் (கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பது அல்ல, தெலங்கானா) ஒரு நெசவாளரிடம் 10 நாள் இக்கத் (நூலை ஆங்காங்கே கட்டிச் சாயமேற்றி, பூ விழும்படி நெய்வது) கற்க ஏற்பாடாகியிருக்கிறது. சாதா நெசவு தெரியும். 2/20 பருத்தியில் (20-ஆம் எண் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது), 22 அங்குல அகலத்தில் ஊடை (குறுக்கிழை) இக்கத் முயன்றதில் இரண்டு சிக்கல். கட்டுகளை அவிழ்த்து அலசினால் வெள்ளை முழுக்க இளஞ்சிவப்பாகிறது. நெய்ய நெய்ய வைர வடிவப் பூ இரண்டாகப் பிளந்து, ஒன்று வலப்பக்கமும் ஒன்று இடப்பக்கமுமாக நகர்கிறது. குளிர்நீர் ரியாக்டிவ் சாயம், கட்டியது சைக்கிள் டியூப் கீற்றால். எங்கே தப்பு? அங்கே போய் எதைக் கேட்டுக் கற்பது?

சாயத்தொட்டி:
கட்டின் ஓரத்தில் மட்டும் புகை மாதிரி ஏறியிருந்தால் கட்டு தளர்வு. முழுக்க ஒரே சீராகச் சிவந்தால் அது அவிழ்த்த பிறகு படிந்தது. உங்களுடையது இரண்டாவது. நூலில் உப்பும் சோடாவும் இருக்கும்வரை, ஒட்டாத சாயம் வெள்ளையைத் தேடிப் பிடிக்கும். கட்டோடு பச்சைத் தண்ணீரில் ஐந்தாறு முறை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். சோப்புக் கொதி அதற்கப்புறம்.

100 கிராம் நூலுக்கு 2 லிட்டர் தண்ணீர், 3 கிராம் சாயம், 100 கிராம் உப்பு. அரை மணி கழித்து 40 கிராம் சோடா ஆஷ் கரைத்து ஊற்றி இன்னும் ஒரு மணி. சூடு வேண்டாம். நூலை வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொட்டியில் இறக்குங்கள். காய்ந்த நூல் விளக்குத் திரி போலச் சாயத்தைக் கட்டுக்குள் இழுத்துவிடும்.

கீற்றை இழுத்தால் பாதி அகலமாகிற அளவு இழுவை வேண்டும். கட்டிய இடத்தை இரு விரலால் திருகிப் பாருங்கள். நூல் மேல் கட்டு சுழன்றால் பிரித்துக் கட்டுங்கள், சோம்பல் படாதீர்கள்.

தறிக்குழி:
வைரம் பிளப்பது கணக்குத் தப்பு. ஊடை ஒரே இழை. போய்த் திரும்பி வருகிறது. கட்டுவதற்காகச் சட்டத்தில் சுற்றிய நீளத்தைவிடத் தறியில் ஒரு வாட்டுக்கு (ஊடை ஒரு முறை குறுக்கே போவதற்கு) 1/16 அங்குலம் குறைவாகச் செலவானால், 16 வாட்டில் ஒரு அங்குலம் மிச்சம். வலது நோக்கிப் போகும் இழையில் பூ வலப்பக்கமும், திரும்பும் இழையில் இடப்பக்கமும் தள்ளும். ஆகவே இடைவெளி 2 அங்குலம்.

முதலில் அதே நூலில், அதே அழுத்தத்தில் அடித்து 6 அங்குலம் சாதாவாக நெய்யுங்கள். பத்து ஊடையை உருவி, நீட்டி அளந்து சராசரி பாருங்கள். ஊடை பாவுக்குள் (நெடுக்கிழைகளுக்குள்) வளைந்து போவதால் துணி அகலத்தைவிட நூல் கூடுதலாகவே இருக்கும். அந்த நீளம்தான் சட்டத்தின் அகலம். மீதிச் சின்ன வித்தியாசத்தைக் கரையில் இழுத்தும் தளர்த்தியும் சமாளிக்கலாம், நெசவாளர் கையைக் கவனியுங்கள்.

10 நாளில் தறியில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஆசு போடுமிடத்தில் (கட்டும் முன் ஊடை நூலை முளைகளில் சுற்றி அடுக்கும் இடம்) உட்காருங்கள். ஒரு பக்கம் ஒற்றை முளை, எதிரே அரைவட்டமாய் முளைகள், நடுவே ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கை போய்வரும். (சிந்தகிந்தி மல்லேசம் இதற்கு இயந்திரம் செய்தவர்; 2017-இல் பத்மஸ்ரீ.) தார் (ஓடத்தில் வைக்கும் ஊடை நூல் குச்சி) சுற்றும் வரிசையையும் கேளுங்கள்: கடைசியில் சுற்றியது முதலில் வரும். ஒரு தாருக்கான பகுதியை வால் முனையிலிருந்து சுற்றாவிட்டால் பூ தலைகீழ். தார்களுக்கு எண் போடாமல் விட்டால் அதைவிட மோசம்.

நூல்கண்டு:
துணி அகலத்தைத்தான் அளந்தேன், நூலை அல்ல! இன்னொன்று: ஒரு கட்டில் எத்தனை இழை சேர்க்கலாம்?

சாயத்தொட்டி:
2/20-இல் 30 தாண்டாதீர்கள். கற்றை தடித்தால் நடு இழைகளுக்குச் சாயம் எட்டாது. சிவப்பு நிலத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதை அங்கே போய்க் காட்டாதீர்கள், சிரிப்பார்கள் :)