டபுள் கேப் வண்டியில் சப்வூஃபர்: ஒரே சுருதியில் முழங்குகிறது, பின் இருக்கையும் பறிபோனது

செம்பனைச்சாலை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என்னிடம் இருப்பது ஹைலக்ஸ் டபுள் கேப், அதாவது பின் இருக்கையும் அதற்குப் பின்னால் சரக்குத் தொட்டியும் உள்ள வண்டி. மூன்று மாதங்களுக்கு முன்பு ஈப்போவில் ஒரு கடையில், 12 அங்குல சப்வூஃபர் (அடித்தொனிக்கான ஒலிபெருக்கி) ஏற்கெனவே பொருத்தப்பட்ட ஆயத்தப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதன் முகப்பில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. சில பாடல்களில் கண்ணாடி அதிரும் அளவுக்கு முழங்கும் அந்தப் பெட்டி, வேறு சில பாடல்களில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகிறது. உறுமி மேளத்தைப் போட்டால் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது ஒலி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும் அல்லவா, இங்கே அது ஓரிடத்தில் மட்டும் 'கும்' என்று வீங்கி, மற்ற இடங்களில் மெலிந்துவிடுகிறது. ஈக்குவலைசரில் குறைத்தால் பாடல் முழுவதும் சப்பென்று ஆகிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டி பின் இருக்கையில் பாதியைப் பிடித்துக்கொண்டதால், மாதந்தோறும் ஈப்போ மருத்துவமனைக்கு வரும் என் மாமியார் அதன் மேல் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்து வருகிறார். பெட்டியைப் பின்னால் சரக்குத் தொட்டியில், அதை மூடியிருக்கும் கேனபிக்குள் வைத்துவிடலாமா? அல்லது வேறு பெட்டி வாங்குவதா, செய்வதா? வழி சொல்லுங்கள்.

பழைய வானொலி:
தம்பி, கேனபி யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். வண்டியின் அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் இரும்புத் தகடும் கண்ணாடியும் நிற்பதால், பின்னால் வரும் வண்டிக்காரர்தான் உங்கள் பாடலை நன்றாகக் கேட்பார். மழைக்காலத்தில் பெட்டியும் ஊறிப்போகும்.

முழக்கத்திற்குக் காரணம் என்ன என்று ஊகிப்பதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, ஒலிபெருக்கியைக் கழற்றிப் பெட்டியின் உள் அளவுகளையும், குழாயின் உள்விட்டத்தையும் நீளத்தையும் எழுதி அனுப்புங்கள். இரண்டு, கைப்பேசியில் ஒற்றை அதிர்வெண் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, 30 ஹெர்ட்ஸிலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், எங்கே வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலி அளவைக் குறைத்தே வையுங்கள். மூன்று, ஒரு பழைய துண்டை இறுகச் சுருட்டிக் குழாயை அடைத்துவிட்டு அதே உறுமிப் பாடலை மறுபடி கேளுங்கள்.

செம்பனைச்சாலை:
அண்ணே, செய்துவிட்டேன். பெட்டியின் உள் அளவு 44 × 32 × 22 செ.மீ. குழாயின் உள்விட்டம் 7.5 செ.மீ., நீளம் 12 செ.மீ. மட்டுமே. 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வண்டியே நடுங்குகிறது. 40க்குக் கீழே ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் பாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் காதுக்கு எதுவும் எட்டவில்லை. துண்டால் அடைத்த பிறகு சத்தம் குறைந்தது உண்மைதான், ஆனால் உறுமி உறுமியாகக் கேட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய வானொலி:
அப்படியானால் குற்றவாளி அந்தக் குழாய்தான். 44 × 32 × 22 என்பது ஏறக்குறைய 31 லிட்டர். ஒலிபெருக்கியின் உடல் 3 லிட்டரை எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால் 28 லிட்டர் காற்று மிஞ்சுகிறது. அந்தக் காற்று சுருள்வில் போலவும், குழாய்க்குள் இருக்கும் காற்று அதன் நுனியில் தொங்கும் எடை போலவும் வேலை செய்கின்றன. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரே சுருதி எழுவதும் இதனால்தான். உங்கள் அளவுகளைச் சூத்திரத்தில் போட்டால் பெட்டியின் சுருதி 52 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. நீங்கள் காதால் கண்டுபிடித்த இடமும் அதுவே. அந்தச் சுருதிக்குக் கீழே குழாய் திறந்த ஓட்டை போல் ஆகிவிடுவதால், கூம்பைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூம்பு வெறுமனே பாய்வதற்குக் காரணம் அதுதான். அதிக ஒலியில் அப்படி ஓட்டினால் ஒலிபெருக்கி கெட்டுவிடும்.

சுருதியை 35 ஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டுமென்றால், அதே 7.5 செ.மீ. குழாய் ஏறக்குறைய 33 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். அவ்வளவு குறுகிய குழாயில் காற்று சீறும். சீறாமலிருக்க 10 செ.மீ. விட்டத்திற்குப் போனால் நீளம் 61 செ.மீ. ஆகிவிடும், அதை உங்கள் பெட்டிக்குள் எப்படி மடித்தாலும் அடங்காது. கடையில் விற்ற பெட்டியைச் செய்தவர், குழாய் வைத்தால் சத்தம் கூடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, கையில் கிடைத்த துண்டுக் குழாயைச் சொருகியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கணக்குகள் புதியவை அல்ல. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் எழுதிய கட்டுரைகளிலிருந்து வந்தவை. நல்ல ஒலிபெருக்கியின் கையேட்டில் காணப்படும் Fs, Qts, Vas என்ற எண்களுக்கு — தமிழில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்றே சொல்லிக்கொள்வோம் — அவர்கள் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. எஃப்எஸ் என்பது ஒலிபெருக்கி பெட்டியின்றித் தானாக அதிரும் அதிர்வெண், க்யூடிஎஸ் அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாடின்றி நீடிக்கிறது என்பதன் அளவு, விஏஎஸ் கூம்பின் தொங்கலுக்குச் சமமான சுருள்வில் தன்மை கொண்ட காற்றின் கொள்ளளவு.

டபுள் கேபுக்கு என் தேர்வு குழாயே இல்லாத மூடிய பெட்டி. மூடிய பெட்டியின் ஒலி, அதன் ஒத்ததிர்வுக்கு (இயல்பாக அதிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபெல் வீதம் இறங்கும். குழாய்ப் பெட்டியில் அது 24 டெசிபெல். ஆனால் வண்டிக்குள் நடப்பது வேறு. அறையின் உள் நீளம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அலை அறைக்குள் முழுதாக விரிய இடமின்றி வெறும் அழுத்தமாக மாறுகிறது. அங்கிருந்து அறையே ஒலியை ஏற்றிக் கொடுக்கத் தொடங்கும். கோட்பாட்டின்படி அந்த ஏற்றமும் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வரை போகும். கதவிடுக்குகளும் மெல்லிய தகடுகளும் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்றாலும், பெட்டி இழப்பதில் பெரும்பகுதியை அறை ஈடுகட்டிவிடுகிறது. வீட்டு வரவேற்பறையில் மெலிந்து கேட்கும் சிறிய மூடிய பெட்டி வண்டியில் நன்றாகக் கேட்பதன் இரகசியம் இதுதான்.

இரவுப்பணி:
ஒரு மாற்றுக் கருத்து. புதுப் பெட்டிக்குச் செலவு செய்வதற்கு முன், அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு ஒரு வட்டப் பலகையைப் பசையிட்டுத் திருகி மூடிவிடலாமே? பத்து வெள்ளியில் வேலை முடிந்துவிடும்.

செம்பனைச்சாலை:
நல்ல யோசனைதான். ஆனால் மாமியாருக்கு இருக்கை கிடைக்காதே. பின் இருக்கையின் அடியில் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்து அளந்து பார்த்தேன். 70 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், முன்பக்கம் 16, பின்பக்கம் 13 செ.மீ. உயரம் என்ற அளவில் ஒரு பெட்டி நுழைகிறது. அதற்கு மேல் இருக்கையின் அடிப்பாகம் வரை 4 செ.மீ. இடைவெளி எஞ்சுகிறது.

உளிச்சத்தம்:
தம்பி, எனக்குத் தச்சு வேலை. ஒலிக்கணக்கை அண்ணன் பார்த்துக்கொள்வார், பலகையை நான் சொல்கிறேன். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். தோட்டத்துச் சேற்றுக் காலோடு ஏறி இறங்கும் வண்டியில் தரைவிரிப்பு என்றைக்கும் ஈரமாகத்தான் இருக்கும், அந்த ஈரத்தை எம்.டி.எஃப்.பின் வெட்டுமுனை உறிஞ்சி ரொட்டி போல் உப்பிவிடும். 15 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) வாங்குங்கள். மூட்டுகளுக்கு மரப்பசை தடவி, திருகாணிக்கு முன்துளை போட்டு முடுக்குங்கள். முன்துளை போடாவிட்டால் அடுக்குகள் பிளந்துகொள்ளும். 70 செ.மீ. நீளப் பலகை நடுவில் முரசு போல் அதிரும் என்பதால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் இரண்டு கட்டைகளை முட்டுக்கொடுங்கள். பெட்டியின் அடியில் ரப்பர் கால்கள் வைத்துத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கி நிறுத்தினால் தண்ணீர் தேங்கினாலும் தொடாது. அந்த உயரத்தை உங்கள் 4 செ.மீ.யிலிருந்து கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

உள்மூட்டுகளில் சிலிக்கான் பூசிய பிறகு, அதன் புளித்த வாடை முழுதும் போகும்வரை ஒலிபெருக்கியைப் பொருத்தக் கூடாது. அந்த ஆவி உலோகத்துக்கும் கூம்பின் விளிம்புக்கும் ஆகாது.

பழைய வானொலி:
அந்த அளவில் 15 மி.மீ. பலகை போனால் உள்ளே 67 × 25 × சராசரி 11.5 செ.மீ., அதாவது 19 லிட்டருக்குச் சற்று மேல். முட்டுக்கட்டைகளும் ஒலிபெருக்கியும் 2 லிட்டரை எடுத்தால் 17 லிட்டர் நிற்கும். இதில் 12 அங்குலத்தைத் திணிக்க முடியாது. 10 அங்குலத்தில், ஆழம் குறைந்த வகையைத் தேடுங்கள். பொருத்தும் ஆழம் 8.5 செ.மீ.க்குள் இருந்தால் காந்தத்தின் பின்துளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

வாங்குமுன் கையேட்டைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக எஃப்எஸ் 34 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.50, விஏஎஸ் 24 லிட்டர் என்று இருந்தால், 24ஐ 17ஆல் வகுத்து 1 கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 1.55 வரும். அதை க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால் 0.78, எஃப்எஸ்ஸால் பெருக்கினால் 53 ஹெர்ட்ஸ், இதுதான் மூடிய பெட்டியின் ஒத்ததிர்வு. முதல் எண் 0.7க்கும் 0.8க்கும் இடையில் இருந்தால் ஒலி கட்டுக்குள் நிற்கும். 1ஐத் தாண்டினால் பழையபடி வீங்கத் தொடங்கும். கொஞ்சம் தாண்டுவது போல் இருந்தால் பழைய தலையணையின் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பிப் பாருங்கள், பெட்டி சற்றுப் பெரிதானது போல் நடந்துகொள்ளும். இலவம் பஞ்சைப் போடாதீர்கள், குலுக்கலில் பொடிந்து காந்தத்துளைக்குள் போய்விடும்.

மின்கம்பி விஷயத்தில் ஒன்றே ஒன்று: பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

செம்பனைச்சாலை:
அண்ணன்மார்களுக்கு நன்றி. இரண்டு வார இறுதிகள் பிடித்தன. கிடைத்த 10 அங்குல ஒலிபெருக்கிக்கு அண்ணன் சொன்ன கணக்கு 0.81 என்று வந்தது, பஞ்சும் போட்டேன். முதல் நாள் போட்டபோது ஒலி மெலிந்தே இருந்ததால் மனம் சோர்ந்துவிட்டது. பிறகு 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் கொண்டுபோனபோது, கம்பி செருகும் முனையப் பலகையின் ஓரத்தில் புகை துடித்தது. அதைக் கழற்றிச் சிலிக்கான் பூசி ஒரு நாள் காய விட்டேன். அப்போதும் ஓட்டுநர் இருக்கையில் முழு நிறைவு இல்லை. ஒலிபெருக்கிக்குப் போகும் இரண்டு கம்பிகளை மாற்றிச் செருகியதும்தான் கதவு ஒலிபெருக்கிகளோடு சேர்ந்து ஒலி உருண்டு வந்தது.

உறுமி இப்போது அடியிலிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக வருகிறது. இருக்கைக்குப் பின்னால் ஜாக்கின் கைப்பிடி கலகலத்ததை ஒரு துணி சுற்றி அடக்கிவிட்டேன். மாமியார் நேற்று பின்னால் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தார். இருக்கை ஏன் முதுகைத் தட்டுகிறது என்று மட்டும் கேட்டார், ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.