தியேட்டர் செக்லிஸ்ட்: கேஸ் முடிந்தபின் நானே எல்லாவற்றுக்கும் டிக் போடுகிறேன்

தியேட்டர் சிஸ்டர்:
11 வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். உலக சுகாதார நிறுவனத்தின் செக்லிஸ்ட் எங்கள் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என மூன்று தடவை எல்லோரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மொத்தம் 19 விஷயம். ஆனால் டிரெஸ்ஸிங் போடும் நேரத்தில் மூலையில் நின்று 19-க்கும் நானே டிக் போட்டுவிடுவேன்.

போன வாரம் இடது பக்க ஹெர்னியா. வலது பக்கத்தில் மருந்து தடவி, துணியும் போர்த்தியாகிவிட்டது. முதுகில் ஊசி போட்ட கேஸ் என்பதால் நோயாளிக்கு நினைவு இருந்தது. "சிஸ்டர், எனக்கு இந்தப் பக்கம் இல்லையே" என்றார். முழு மயக்கம் கொடுத்திருந்தால்? அன்றைக்கும் ‘பக்கம் சரி’ என்று டிக் போட்டிருப்பேன். அதுதான் தூங்கவிடவில்லை.

சீனியர் சர்ஜனிடம் "நில்லுங்கள் சார்" என்று எப்படிச் சொல்வது?

மயக்க மருத்துவர்:
இந்த செக்லிஸ்டை டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்து, முடிவை 2009-ல் வெளியிட்டபோது, ஆபரேஷனுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளைப் பார்த்த 2014 ஆய்வில் சொல்லும்படி குறையவில்லை. தாள் ஏறக்குறைய அதேதான். வாய்விட்டுக் கேட்டார்களா, டிக் மட்டும் போட்டார்களா என்பதில்தான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

நீங்கள் ‘நில்லுங்கள்’ என்றே சொல்ல வேண்டாம் சிஸ்டர். கத்தி உங்கள் டிராலியில்தானே இருக்கிறது? மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள். பெயர், பக்கம், ஆண்டிபயாடிக் மூன்றையும் கேட்டபின் எடுத்துக் கொடுங்கள்.

ரிட்டயர்டு மேட்ரன்:
தனியாகச் செய்யாதே அம்மா, உன்னைத்தான் மாற்றிவிடுவார்கள். அமெரிக்காவில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற டாக்டர் ஐ.சி.யூ.வில் செக்லிஸ்ட் கொண்டுவந்தபோது, டாக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் தடுக்கலாம் என்று நிர்வாகமே அதிகாரம் கொடுத்தது. முதலில் சூப்பரின்டெண்டென்ட் கையெழுத்தோடு ஒரு சர்க்குலர் வாங்கு.

தியேட்டர் சிஸ்டர்:
சர்க்குலர் வர ஒரு மாதம் ஆனது மேடம். இன்றைய முதல் கேஸ் பித்தப்பை. துணியை எடுக்காமல் கேட்டேன். சர்ஜன் முறைத்துக்கொண்டே பெயரையும் ஆபரேஷனையும் சொன்னார். ஆண்டிபயாடிக் போட்டாச்சா என்றேன். ஊசி உடைக்காமல் அப்படியே டிரேயில் இருந்தது.