நூறு ஸ்டேஷனுக்கு ஒரே நிகழ்ச்சி: லைவ் மாதிரி கேக்குமா, கேக்காதா?

கன்சோல்காரன்:
"ஒரே நிகழ்ச்சியை நூறு ஸ்டேஷனுக்கு அனுப்பினா லைவ் மாதிரி கேக்கவே கேக்காது, நேயர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார்"னு ஒரு மேதை எழுதியிருக்கார். ஸ்டூடியோ வாசப்படி மிதிச்சிருப்பாரான்னே சந்தேகம். ஸ்டேஷன் பேர், ஊர்ப் பேர் எல்லாத்தையும் தொகுப்பாளர் தனித்தனி லைனரா, அதாவது குட்டிக் குட்டி ஒலிப்பதிவா, முன்னாடியே பேசிக் குடுத்துடுவார். நிகழ்ச்சி கூடவே நேயர் காதுக்குப் போகாத ஒரு சிக்னல் வரும். உள்ளூர் ஸ்டேஷன்ல தானா ஓடற ஆட்டோமேஷன் அதைப் பிடிச்சு அந்தந்த ஊர் லைனரைச் செருகிடும். நேரம் சொல்லணுமா? "மணி அடிச்சு இருபது நிமிஷம்"னு சொன்னா முடிஞ்சுது. எத்தனை மணின்னு சொல்லவே வேண்டாம். எந்த நேர மண்டலத்துக்கும் பொருந்தும்.

குறுக்குச்சால்:
எந்த நேர மண்டலத்துக்குமா? கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து அரை மணி தள்ளி நிக்குது. நடு ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். அங்க உங்க இருபது அம்பதாயிடும். நேபாளம் முக்கால் மணிக் கணக்கு, அதை விடுங்க. வாசப்படி மிதிச்சவங்க உலக வரைபடத்தையும் ஒரு தடவை பாக்கலாம்.

கன்சோல்காரன்:
வந்துட்டார்யா! இப்படி ஒரே நிகழ்ச்சியைப் பல ஸ்டேஷனுக்குக் குடுக்கற சிண்டிகேஷன் பெருசா வளந்தது அமெரிக்காவுல. அதோட பெருநிலப்பரப்புல எல்லாமே முழு மணி வித்தியாசம்தான். அப்புறம், ஃபீடை, அதாவது ஸ்டேஷனுக்கு வர்ற நிகழ்ச்சியை, பதிஞ்சு வச்சு உள்ளூர் மணிக்குத் தொடங்கினா நியூஃபவுண்ட்லாந்துலயும் இருபதுன்னா இருபதுதான். முன்னாடி நடந்த கம்ப்ரஸர் விவாதத்துலயும் இப்படித்தான் ஓரமா நின்னு கல்லெறிஞ்சுட்டு ஓடினீங்க.

பழைய ஸ்பூல்:
தம்பிகளா, 1970 ஜூலை 4 அன்னிக்கு அமெரிக்கன் டாப் 40ங்கற பாட்டு வரிசை நிகழ்ச்சி தொடங்குச்சு. அதோட தொகுப்பாளர் கேசி கேசம் பேசினதை எல்.பி. தட்டுல அழுத்தி ஸ்டேஷன் ஸ்டேஷனா அனுப்பின காலம் உண்டு. லைவ்னு யாரும் சத்தியம் பண்ணலை, ஜனங்களும் கேக்காம இருக்கலை. நடிக்க வேண்டிய அவசியம் என்ன?

கன்சோல்காரன்:
அண்ணே, நடிப்பைப் பத்தி யார் பேசினா? நான் பேசறது மணி.

நடுநிசி நேயர்:
நேர்மையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. பதிவு செய்ததை அந்த நேரத்திலேயே நடப்பது போலக் காட்ட முயன்றால், தொடக்கத்திலேயே "இது பதிவு" என்று அறிவிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையத்தின் 73.1208-ஆம் விதி. பல ஊர்களுக்குப் பொதுவான போட்டியை உள்ளூர்ப் போட்டி போல ஒலிக்கவிட்ட விவகாரத்தில், 2000-இல் ஃப்ளோரிடா மாநிலத்துக்கு க்ளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம் 80,000 டாலர் கொடுத்தது. உங்கள் சாமர்த்தியத்துக்கு இதுதான் விலை.

கன்சோல்காரன்:
தலைமையாசிரியர் ஐயா, அது பரிசுப் போட்டி. "மணி அடிச்சு இருபது நிமிஷம்"னு சொல்றதுல யார் பர்ஸ் காலியாச்சு?

புதுசு_ரேடியோ:
லைவ்னா என்னன்னு முதல்ல ஒரு முடிவுக்கு வரலாமா? உள்ளூர்ல பேசறதா, இப்பவே பேசறதா?

குறுக்குச்சால்:
ஃபீடைப் பதிஞ்சு வச்சுக்கலாம்னு அவரே சொல்லிட்டார். அப்புறம் எங்க லைவ்? நேரா எடுத்துப் போட்டா அரை மணி இடிக்கும், பதிஞ்சு போட்டா லைவ் இல்லை. நியூஃபவுண்ட்லாந்துக்குப் பதில் வரட்டும்.

கன்சோல்காரன்:
லைவ் "மாதிரி"ன்னு எழுதியிருக்கேன். கண்ணாடி போட்டுட்டுப் படிங்க.

பழைய ஸ்பூல்:
மணியை விடுங்கப்பா. மாட்டிக்கற இடம் லைனர்தான். பாட்டு முடியறப்ப தொகுப்பாளர் வயிறு குலுங்கச் சிரிச்சுக்கிட்டு இருப்பார். அடுத்த நொடி அதே ஆள் ஜலதோஷக் குரல்ல, மைக்கை விட்டு ஒரு முழம் தள்ளி நின்ன மாதிரி ஊர்ப் பேரைச் சொல்வார். என்னிக்கோ பேசினது! அதுக்குத்தான் ஒரே லைனரைக் குதூகலமா ஒண்ணு, நிதானமா ஒண்ணுன்னு வாங்கி வச்சுக்கணும். அடியில ஒரு இசை ஓடிக்கிட்டே இருந்தா ஒட்டு தெரியாது. விளம்பர இடைவேளை ரெண்டு நிமிஷம்னா உள்ளூர்க்காரன் ஒண்ணே முக்கால்ல முடிச்சுட்டு மௌனம் காக்கறான் பாரு, அங்கயும் அந்த இசைதான் காப்பாத்தும்.

கன்சோல்காரன்:
முதல் பதிவுலயே லைனரைச் சொன்னது நான். ஆனா நேரம் சொல்றதுலதான் நேயர் நம்புவார். மணி அடிச்சு இருபது நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பாப்பார், சரியா இருக்கும். அவ்வளவுதான்.

குறுக்குச்சால்:
நியூஃபவுண்ட்லாந்துல பாத்தா அம்பது.

நடுநிசி நேயர்:
73.1208-க்கு இன்னும் பதில் வரவில்லை.

கன்சோல்காரன்:
விதிப் புஸ்தகத்தைத் தலைமாட்டுல வச்சுத் தூங்கறவர்கிட்ட நான் பேசறதா இல்லை. ஸ்பூல் அண்ணன் மட்டும் பேசட்டும்.

குறுக்குச்சால்:
கம்ப்ரஸர் விவாதத்துல நான் ஓடலை. கடைசிப் பதிவு என்னோடதுதான். போய்ப் பாருங்க.

கன்சோல்காரன்:
பாத்தேன். அதுலயும் தப்பாத்தான் எழுதியிருக்கீங்க.